கைராசி மருத்துவர்

நம்மவர்கள் ஒரு மருத்துவரைப் பற்றி விசாரிக்கும்போது அவர் பெற்ற பட்டத்தை முதலில் கேட்பதில்லை, கைராசியைத்தான் கேட்கிறார்கள். அவர் கை பட்டால் காய்ச்சல் பறந்துவிடும் என்று ஒருவர் சொல்ல வேண்டியதுதான். அதை ஒன்பது பேர் நம்புவார்கள். பத்தாவது ஆள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்.

நான் இடுக்கி எல்லையில், குமுளிப் பக்கம் வளர்ந்தவன். எங்கள் ஏலத் தோட்டங்களுக்குக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து நாள்தோறும் ஜீப்பில் வேலைக்கு வருகிறார்கள். மாலையில் அந்த ஜீப் இறங்கும்போது நோயாளிகளும் அதிலே இறங்குவார்கள். என் தாய்மாமன் ஊர் பாலக்காட்டு எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை. அங்கே உடம்புக்கு முடியவில்லையென்றால் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ போவார்கள். இந்த எல்லை மக்களுக்கு மருத்துவரின் மொழியும் ஒன்றுதான், மாநிலமும் ஒன்றுதான். அவர் நல்லவர் என்ற பேச்சு ஒன்றே போதும். அந்த நம்பிக்கையை நான் எள்ளி நகையாடவில்லை. நாடி பிடிக்கும் கையை நம்பாமல் நோய் தீராது. வள்ளுவரும் மருந்துக்கு நான்கு உறுப்புகளைச் சொல்லும்போது நோயாளிக்கு அடுத்து மருத்துவரை வைத்தார்.

ஆனால் ஒரு கேள்வி உண்டு. கை நல்ல கை என்பதற்காக மனிதரும் நல்லவர் என்று முடிவு கட்டலாமா? அந்த முடிவுக்கு விலை கொடுப்பவர் யார்? இதற்கு விடை தேடும்போது எனக்கு நினைவு வருவது பம்பாயில் பிறந்து, இங்கிலாந்தில் புகழ் பெற்று, அங்கேயே தூக்குமேடை ஏறிய ஒரு மருத்துவரின் வாழ்க்கை. உலகெங்கும் சட்ட மருத்துவம் பயிலும் மாணவர்கள் அவர் வழக்கைப் படிக்கிறார்கள். டாக்டர் பக் ரக்ஸ்டன் என்பது அவர் பெயர்.

பம்பாயிலிருந்து லங்காஸ்டருக்கு

ரக்ஸ்டன் என்பது அவராக வைத்துக்கொண்ட பெயர். 1899 மார்ச் 21-ஆம் நாள் பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தபோது அவருடைய பெயர் பக்தியார் ரஸ்தோம்ஜி ரத்தன்ஜி ஹக்கீம். ஹக்கீம் என்றாலே வைத்தியர் என்று பொருள். பிறக்கும்போதே பெயரில் தொழிலைச் சுமந்து வந்தவர் பம்பாயில் மருத்துவம் பயின்று 1922-இல் பட்டம் பெற்றார். பின்னர் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து பாக்தாதிலும் பாஸ்ராவிலும் வேலை பார்த்தார். 1925-இல் பெற்றோர் பார்த்து வைத்த பார்சிப் பெண்ணை மணந்தார். அந்த மணவாழ்க்கை நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டே கடல் கடந்து இங்கிலாந்து போனார். போன இடத்தில் தாம் மணமானவர் என்பதையே மறைத்துவிட்டார்.

லண்டனில் சில காலம் படித்துவிட்டு, அறுவை மருத்துவத்தில் உயர்பட்டம் பெற வேண்டுமென்று 1927-இல் எடின்பரோ நகருக்குச் சென்றார். அந்தத் தேர்வில் அவர் தேறவில்லை. ஆயினும் பம்பாய்ப் பட்டத்தைக் கொண்டே அந்நாட்டில் மருத்துவம் செய்ய அவருக்கு உரிமை இருந்தது. எடின்பரோவில்தான் இசபெல்லா என்ற ஸ்காத்லாந்துப் பெண்ணைச் சந்தித்தார். சிற்றுண்டிச்சாலை ஒன்றை நிர்வகித்துவந்த அவர், முதல் கணவரைப் பிரிந்தவர். சுறுசுறுப்பானவர்; நாலு பேரோடு கலகலப்பாகப் பழகுபவர். இருவரும் சட்டப்படி மணந்துகொள்ளவில்லை. எனினும் கணவன் மனைவியாகவே வாழ்ந்தார்கள். இசபெல்லா தம்மைத் திருமதி ரக்ஸ்டன் என்றே சொல்லிக்கொண்டார்.

1930-இல் இக்குடும்பம் வட இங்கிலாந்திலுள்ள லங்காஸ்டர் நகரத்தில் டால்டன் சதுக்கம் 2-ஆம் எண் வீட்டில் குடியேறியது. கீழே மருத்துவமனை, மேலே வீடு. மூன்று குழந்தைகள். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக மேரி ஜேன் ராஜர்சன் என்ற இளம்பெண் அந்த வீட்டிலேயே தங்கி வேலை செய்தார்.

ஊர் கண்ட முகம்

அக்காலத்து இங்கிலாந்தில் இலவச மருத்துவம் எல்லாருக்கும் கிடையாது. தேசிய மருத்துவச் சேவை 1948-இல்தான் வந்தது. வேலையிழந்தோர் மிகுந்திருந்த அந்த ஆண்டுகளில் ரக்ஸ்டன் ஏழைகளிடம் பணம் வாங்காமலே மருந்து கொடுத்தார். அழைத்த நேரத்துக்குப் போனார். பிள்ளைப்பேற்று மருத்துவத்தில் நல்ல பெயர் எடுத்தார். வெள்ளையர் நாட்டில், சிறு நகரம் ஒன்றில், ஓர் இந்தியர் இவ்வளவு அன்பைச் சம்பாதிப்பது எளிய செயலன்று. அவர் சம்பாதித்தார். அந்த அன்பு பொய்யன்று. அவர் ஆற்றிய தொண்டும் பொய்யன்று. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நல்லவன் வேடம் போட்ட கயவன் என்று ஒரே சொல்லில் தீர்த்துவிட்டால் இந்த வாழ்க்கை நமக்குக் கற்றுத்தரும் பாடம் தவறிவிடும்.

மாடிப்படி ஏறினால் வேறொரு முகம். இசபெல்லா யாரோடு சிரித்துப் பேசினாலும் அவருக்கு ஐயம். கடிதம் எழுதினால் ஐயம். வெளியே போய்த் தாமதித்து வந்தால் ஐயம். ஐயம் சொல்லாகும், சொல் அடியாகும், பின்பு அழுகையும் மன்னிப்பும். இசபெல்லா ஒருமுறை எடின்பரோவிலிருந்த தம் சகோதரியிடம் போய்விட்டார். ரக்ஸ்டன் பின்தொடர்ந்து சென்று அழைத்தார். குழந்தைகளுக்காக அவர் திரும்பி வந்தார். 1934-லும் 1935-லும் இந்தச் சண்டை லங்காஸ்டர்க் காவல்துறை வரை போயிற்று. காவலர்கள் வந்தார்கள், பேசினார்கள், போனார்கள். புருஷன் பெண்சாதிச் சண்டையில் நமக்கென்ன என்ற எண்ணம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அதிலும் அவர் டாக்டர், ஊருக்கு வேண்டியவர். வீட்டு வேலைக்காரிகளும் கண்டார்கள், கேட்டார்கள். அவர்கள் பேச்சு அம்பலம் ஏறுவது வழக்கமில்லை.

செப்டம்பர் 15

1935 செப்டம்பர் 14, சனிக்கிழமை. பிளாக்பூல் கடற்கரை நகரத்தில் ஆண்டுதோறும் நடக்கும் விளக்கலங்காரத்தைக் காணவும் தம் சகோதரிகளைச் சந்திக்கவும் இசபெல்லா காரில் சென்றார். இரவு பதினொன்றரை மணி அளவில் அங்கிருந்து வீட்டுக்குப் புறப்பட்டார். அதன்பின் அவரை உயிரோடு பார்த்ததாகச் சொல்ல வெளியார் எவருமில்லை. ஆயா மேரியும் அந்த இரவோடு மறைந்தார். அவருக்கு வயது 20.

மறுநாள் விடியற்காலையிலேயே ரக்ஸ்டன் வேலைக்காரி ஒருவர் வீட்டுக்குப் போனார். மனைவியும் மேரியும் எடின்பரோவுக்குப் போயிருக்கிறார்கள், இன்று வேலைக்கு வர வேண்டாம் என்று சொன்னார். குழந்தைகளை நண்பர் வீட்டில் கொண்டுபோய் விட்டார். அவர் வலக்கையில் ஆழமான வெட்டு இருந்தது. பழ டப்பாவைத் திறக்கும்போது பட்டது என்றார். அன்று மாலை தம்மிடம் வைத்தியம் பார்க்கும் ஒரு பெண்ணிடமே போய், வீட்டைத் துப்புரவு செய்ய உதவ வேண்டுமென்று கேட்டார். அவரும் வந்தார். மாடிப்படியில் விரிப்பு இல்லை. குளியல் தொட்டியில் கறை. டாக்டர் கேட்கிறாரே என்று அவர் தேய்த்துக் கழுவினார். கறைபட்ட விரிப்புகளையும் ஒரு கோட்டையும் டாக்டர் கொடுக்க, நன்றியோடு வாங்கிப்போனார். பிறகு ரக்ஸ்டன் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், கோட்டில் தைத்திருந்த தம் பெயர்ச்சீட்டை நீக்கிவிடச் சொன்னார். அப்போதும் அவருக்கு உடனே ஐயம் எழவில்லை. நம்பிக்கை எவ்வளவு வலிய திரை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் மேரிக்குப் பெற்றோர் இருந்தார்கள். மகள் சொல்லாமல் ஊர் போகிறவள் அல்லள் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் டாக்டரிடம் வந்து கேட்டார்கள். மேரி கருவுற்றிருந்தாள், அந்தச் சங்கடத்தைத் தீர்க்க என் மனைவி அழைத்துப் போயிருக்கிறாள், போலீசுக்குப் போக வேண்டாம் என்று ரக்ஸ்டன் சொன்னார். உயிரைப் பறித்தது போதாதென்று மானத்தையும் பறித்தார். ஏழைப் பெற்றோர் அவமானத்துக்கு அஞ்சி வாய் மூடுவார்கள் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அந்தக் கணக்குத் தவறிற்று. அவர்கள் போலீசுக்குப் போனார்கள்.

கற்ற கல்வி காட்டிக்கொடுத்தது

லங்காஸ்டரிலிருந்து நூறு மைலுக்கும் அப்பால், ஸ்காத்லாந்தில், மாஃபட் என்ற சிற்றூர் உண்டு. செப்டம்பர் 29-ஆம் நாள் அவ்வூருக்கு அருகிலுள்ள பாலத்தின் மேலிருந்து ஓடையை எட்டிப் பார்த்த ஒரு பெண், மூட்டை ஒன்றிலிருந்து மனிதக் கை நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். போலீசார் தேடியபோது துணியிலும் செய்தித்தாளிலும் சுற்றப்பட்ட ஏறக்குறைய 70 துண்டங்கள் கிடைத்தன. இரண்டு உடல்கள் அவை. அடையாளம் காட்டக்கூடிய கண், காது, மூக்கு, உதடு எல்லாம் நீக்கப்பட்டிருந்தன. ஒருத்தியின் விரல் நுனிகள் வெட்டப்பட்டிருந்தன. மேரிக்கு ஒரு கண்ணில் மாறுகண் இருந்தது. அந்தக் கண்கள் இல்லை. கையில் பிறவி மச்சம் இருந்தது. அந்த இடத்துத் தோல் இல்லை.

கிளாஸ்கோவிலிருந்து பேராசிரியர் ஜான் கிளெய்ஸ்டர், எடின்பரோவிலிருந்து உடற்கூற்றுப் பேராசிரியர் ஜேம்ஸ் பிராஷ், சட்ட மருத்துவப் பேராசிரியர் சிட்னி ஸ்மித் ஆகியோர் இந்தப் புதிரை அவிழ்க்க உட்கார்ந்தார்கள். அவர்கள் முதலில் கண்ட உண்மை ஒன்று. இந்த உடல்களைக் கூறாக்கியது கோடரி பிடித்த முரடனின் கையன்று. எலும்பை அறுக்காமல், மூட்டுத் தெரிந்து கத்தியால் பிரித்த கை. அது உடற்கூறு படித்த கை. எதை மறைத்தால் அடையாளம் மறையும் என்று அறிந்த அந்தப் படிப்பே, செய்தவர் யாரென்று விரல் நீட்டியது.

மற்ற சான்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. துண்டங்களைச் சுற்றியிருந்த தாள்களில் செப்டம்பர் 15-ஆம் நாளிட்ட ஒரு ஞாயிறு இதழும் இருந்தது. லங்காஸ்டர், மோர்கம் வட்டாரத்துக்கென்று தனியாக அச்சிட்ட பதிப்பு அது. மேரி காணாமற்போன செய்தியும் பத்திரிகையில் வந்திருந்தது. அதை ஸ்காத்லாந்துப் போலீசார் கண்டார்கள். மூட்டையிலிருந்த ஒட்டுப்போட்ட ரவிக்கையை மேரியின் சிற்றன்னை பார்த்தவுடன் அடையாளம் சொன்னார். செப்டம்பர் 17-ஆம் நாள் கெண்டல் என்னும் ஊரில் ரக்ஸ்டனின் கார் ஒரு சைக்கிள்காரரை இடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தது. சைக்கிள்காரர் காரின் எண்ணைக் குறித்துக்கொண்டார். ஸ்காத்லாந்துப் பக்கமிருந்து வரும் சாலையில் அன்று டாக்டர் இருந்தார் என்பதற்கு அந்த எண் சாட்சியாயிற்று.

விஞ்ஞானமும் புதுவழி கண்டது. டாக்டர் அலெக்சாந்தர் மியர்ன்ஸ் உடலிலிருந்த ஈப்புழுக்களின் வளர்ச்சியைக் கணக்கிட்டு, அவை ஏறக்குறைய இரண்டு வாரத்தவை என்று கூறினார். மண்டையோட்டைப் படம் பிடித்து, இசபெல்லாவின் பழைய புகைப்படத்தின் மேல் அதே அளவில் பொருத்திப் பார்த்தார்கள். ஒரு மண்டையோடு அச்சாகப் பொருந்திற்று, மற்றது பொருந்தவில்லை. மேரியின் விரல் நுனிகளை மட்டும் ரக்ஸ்டன் வெட்டாமல் விட்டிருந்தார். அந்த வீட்டில் அவர் நாள்தோறும் தொட்டுத் துடைத்த பொருள்களின்மேல் பதிந்திருந்த ரேகையும் ஓடையில் கிடைத்த கையின் ரேகையும் ஒன்றாக இருந்தன. வாழ்ந்தபோது யாரும் கேளாத அந்தப் பணிப்பெண்ணின் கை இறந்தபின் சாட்சி சொல்லிற்று.

மண்டையோட்டைப் படத்தோடு பொருத்தும் இந்த முறை பிற்காலத்தில் நம் சென்னைத் தடய அறிவியல் ஆய்வகத்திலும் வளர்ந்தது, பேராசிரியர் பி. சந்திரசேகரன் அதில் பெயர் பெற்றார். கிளெய்ஸ்டரும் பிராஷும் இந்த வழக்கைப் பற்றி 1937-இல் வெளியிட்ட நூல் அத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று.

தீர்ப்பு

1935 அக்டோபர் 13-ஆம் நாள் ரக்ஸ்டன் கைது செய்யப்பட்டார். 1936 மார்ச் 2-ஆம் நாள் மான்செஸ்டரில் நீதிபதி சிங்கிள்டன் முன்னிலையில் விசாரணை தொடங்கிற்று. அந்நாட்டின் தலைசிறந்த வழக்கறிஞருள் ஒருவரான நார்மன் பர்க்கெட் ரக்ஸ்டனுக்காக வாதாடினார். எதிர்வாதத் தரப்பில் கூண்டேறிய ஒரே சாட்சி ரக்ஸ்டன் மட்டுமே. அவர் அழுதார், கோபித்தார், எல்லாவற்றையும் மறுத்தார். 11 நாள் விசாரணைக்குப்பின் ஜூரர்கள் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகக் கலந்து பேசிக் குற்றவாளி என்றனர். மேல்முறையீடு ஏப்ரல் 27-ஆம் நாள் தள்ளுபடியாயிற்று.

அப்போதுதான் உலகம் வியந்த செயல் நடந்தது. அவருக்கு உயிர்ப்பிச்சை கேட்டு 10,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார்கள். தம் குழந்தைகளைப் பிழைக்க வைத்த டாக்டரை அவர்களால் கொலைகாரராகக் காண இயலவில்லை. 1936 மே 12-ஆம் நாள் மான்செஸ்டர்ச் சிறையில் ரக்ஸ்டன் தூக்கிலிடப்பட்டார். வயது 37. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவர் கைதானவுடன் எழுதி முத்திரையிட்டுக் கொடுத்திருந்த கடிதம் ஒரு பத்திரிகையில் வெளியாயிற்று. ஆத்திரத்தில் இசபெல்லாவைக் கொன்றதாகவும், அப்போது அங்கே இருந்ததால் மேரியையும் கொல்ல நேர்ந்ததாகவும் அதில் ஒப்புக்கொண்டிருந்தார். நீதிமன்றத்தில் சத்தியம் செய்து மறுத்தவரின் கையெழுத்து அது.

நமக்கு என்ன?

ரக்ஸ்டன் மட்டுந்தானா என்று நண்பர்கள் கேட்கலாம். அதே வட இங்கிலாந்தில் ஹெரால்ட் ஷிப்மன் என்ற குடும்ப மருத்துவர் தம்மை நம்பிய முதியோரை ஊசி மருந்தால் கொன்றார். 2000-இல் 15 கொலைகளுக்காகத் தண்டனை பெற்றார். கொல்லப்பட்டோர் 215 பேர் என்று 2002-இல் விசாரணைக் குழு அறிவித்தது. அவரையும் ஊர் நல்ல டாக்டர் என்றே கொண்டாடியது. அவர் கொன்றவர்களுக்கு இறப்புச் சான்றிதழ் கொடுத்தவரும் அவரே. மருத்துவர் எழுதும் இறப்புக் காரணத்தை வேறொரு மருத்துவர் சரிபார்த்தே தீர வேண்டும் என்ற முறை அங்கே சட்டப்படி 2024-இல்தான் முழுமை பெற்றது. நம்பிக்கை மட்டும் போதாது, சரிபார்க்கவும் வேண்டும் என்பதைக் கற்க ஒரு நாட்டுக்கு அத்தனை காலம் ஆயிற்று.

ரக்ஸ்டன் வழக்கின் பாடம் இன்னும் வீட்டுக்கு அருகில் இருக்கிறது. ஷிப்மனைக் காட்டிக்கொடுக்க ஆவணங்களை ஆராய வேண்டியிருந்தது. ரக்ஸ்டன் வீட்டிலோ எல்லாம் முன்னமே கேட்டது. அடிபட்டவர் போலீசிடமே சொன்னார். காதில்லாமற் போனது ஊருக்குத்தான். டாக்டரின் நற்பெயர் அந்தக் காதை அடைத்தது. அந்த நற்பெயரைக் கொடுத்தவர்கள் மனமார நன்றியுள்ள நல்ல மக்கள். நன்றியுணர்ச்சியும் சில வேளைகளில் ஒரு பெண்ணுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடுகிறது.

இன்று நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. தாலி கட்டாமல் மணவாழ்க்கை போல் வாழும் பெண்ணுக்கும் அது காப்பளிக்கிறது. இசபெல்லாவைப் போன்ற ஒருவர் இன்று நம்மிடையே இருந்தால் அவருக்கும் அது பொருந்தலாம். ஆனால் சட்டத்துக்குக் காது கிடையாது; மனிதர்களுக்குத்தான் உண்டு. நம்மில் சிலர் மருத்துவராவோம், சிலர் வழக்கறிஞராவோம், சிலர் காவல்துறைக்குப் போவோம். குமுளியிலோ கொழிஞ்சாம்பாறையிலோ ஒரு பெண் வந்து, ஊர் மதிக்கும் ஒருவரைப் பற்றிப் புகார் சொல்லுவாள். அவரா, அவர் எவ்வளவு நல்லவர் என்ற சொல் நம் வாயில் முந்திக்கொண்டு வரும். அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு அவள் சொல்வதை முழுவதும் கேட்பதுதான் நாம் கற்ற கல்விக்கு அடையாளம்.

இறுதியாக ஒன்று. மான்செஸ்டரில் நடந்த வழக்கு இசபெல்லாவின் கொலைக்கு மட்டுமே. மேரியைக் கொன்ற குற்றத்துக்குத் தனி விசாரணை நடக்கவேயில்லை. ஒரு தூக்குக்கு மேல் தேவைப்படவில்லை. ரக்ஸ்டனின் பெயரை நினைவில் வைத்திருப்போர் மேரி ஜேன் ராஜர்சன் என்ற பெயரையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். டாக்டரின் பேச்சைத் தட்டிவிட்டுப் போலீஸ் நிலையத்தின் படியேறிய அந்தப் பெற்றோர் இல்லையென்றால், அந்த ஓடை யாருடைய பெயரையும் சொல்லாமலே போயிருக்கலாம்.